தாமரை இலையில் ஒட்டாத நீர்

"என் பிள்ளையின் வாழ்க்கையே களங்கப்பட்டுவிட்டது" என்று ஒரு தாய் அண்மையில் என்னிடம் அழுதார். எனக்கு உப்பலவண்ணா தேரியின் நினைவு வந்தது.

நீலோற்பல நிறத்தால் பெயர் பெற்ற அவர், சாவத்தி நகர வணிகரின் மகள்; புத்தரின் தலைமைப் பெண் சீடர் இருவருள் ஒருவர். குடிசையில் தனித்திருந்தவரை ஒருவன் பலாத்காரம் செய்தான். இணங்காதவள்மீது குற்றமில்லை என்றார் புத்தர். ஆசை படியாத மனதைத் தாமரை இலையில் ஒட்டாத நீருக்கு ஒப்பிடும் தம்மபதத்தின் 401ஆவது பாடல் இவரைக் குறித்தே எழுந்தது என்கிறது அதன் உரை.

சேற்றில் முளைத்தும் சேறு படியாததால்தான் பௌத்தத்தில் தாமரை தூய்மையின் சின்னமாயிற்று. பூரணை நாளில் விகாரைகளில் அம்மலரே படைக்கப்படுகிறது. அத்தகைய நாட்டில் பாதிக்கப்பட்ட பெண்ணைப் பழிப்பது நியாயமா? களங்கம் அவளுடையதல்ல, சகோதரிகளே, குற்றம் செய்தவனுடையது.