ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட்டால்

நாமக்கல் லாரி உரிமையாளருக்கும் கோழிப்பண்ணைக்காரருக்கும் செவ்வாய்பேட்டை வியாபாரிக்கும் மாதாமாதம் பி.எஃப். பிடித்துக் கட்ட முதலாளி என்று ஒருவர் இல்லை. வயதான காலத்துக்கென்று அவர்கள் நம்பிப் பணம் போடக்கூடியவற்றில் ஒன்று, அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொடங்கும் பிபிஎஃப் கணக்கு. இப்போது 7.1 சதவீத வட்டி. அதற்கு வரியும் இல்லை. ஆனால் ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய்தான் உச்சவரம்பு. மார்ச் மாத அவசரத்தில் தன் பெயரில் 1.5 லட்சமும், பதினெட்டு வயது நிரம்பாத மகன் பெயரில் இன்னொரு 1.5 லட்சமும் கட்டுபவர், இரண்டும் தனித்தனி வரம்பு என்று நினைத்துக்கொள்கிறார். 2019ஆம் ஆண்டுத் திட்ட விதி அப்படிச் சொல்லவில்லை. பெற்றோர் கணக்கும், அவர் காப்பாளராக இருக்கும் பிள்ளையின் கணக்கும் சேர்ந்தே 1.5 லட்சம். மிஞ்சிய தொகைக்கு வட்டி இல்லை, வரிச்சலுகையும் இல்லை.

‘அசல் எங்கே போய்விடப் போகிறது?’ என்று கேட்கலாம். போகாதுதான். ஆனால் இதே வட்டியில் 15 ஆண்டுகளில் ஏறத்தாழ 1.4 லட்சமாகியிருக்கும் 50,000 ரூபாய், வெறும் 50,000 ஆகவே திரும்பும். பாஸ்புக்கில் வட்டி ஏறியிருக்கிறதே என்றும் நிம்மதி அடைய முடியாது; தவறாக ஏறிய வட்டியைப் பின்னால் கழித்துக்கொள்வார்கள். ஒரே ஆள் இரண்டு கணக்கு வைத்திருந்தால் என்ன செய்வதென்று 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த அரசு வழிகாட்டுதலும், வரம்பை மீறிய பணத்தை வட்டியில்லாமல் திருப்பித் தரவே சொல்கிறது.

வரம்பே அநியாயம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வரியில்லா வட்டிக்கு எல்லை வைக்காவிட்டால், கையில் நிறையப் பணம் உள்ளவர்தான் அதை அள்ளிக்கொள்வார். குறை வேறு இடத்தில் இருக்கிறது. பான் எண்ணை வாங்கி வைத்திருக்கும் அரசு, தந்தை கணக்கு ராசிபுரம் அஞ்சலகத்திலும் மகன் கணக்கு சேலத்து வங்கியிலும் இருந்தால், கூடுதல் பணத்தைக் கவுன்ட்டரிலேயே மறுத்திருக்க வேண்டும். அது நடக்காதவரை கணக்குப் பார்ப்பது கட்டுபவர் வேலை. மனைவிக்குத் தனிக் கணக்கு இருந்தால் அவருக்குத் தனியாக 1.5 லட்சம் உண்டு. மகளுக்குச் செல்வமகள் திட்டத்திலும் வரம்பு வேறு. ஏற்கெனவே அதிகம் கட்டியவர் அந்தக் கிளையில் எழுதிக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறுவதே லாபம்; வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அந்தத் தொகையைக் கழிவில் காட்டவும் கூடாது. புதிய வரிமுறையில் இருப்பவருக்கோ அந்தக் கழிவே கிடையாது. அவர் மார்ச்சில் அடித்துப்பிடித்துக் கட்டியதற்கு வரிக் காரணமும் இல்லை.