நாகேஷைப் பார்த்து என் மகள் கேட்ட கேள்வி

இந்தப் பகுதியில் தோழிகள் பலரும் சமையல், சேமிப்பு, மாமியார் பிரச்னை என்று எழுதுகிறீர்கள். நான் எழுதப் போவது ஒரு சிரிப்பு நடிகரைப் பற்றி. "வேலை வெட்டி இல்லாம சினிமா பத்தி எழுத வந்துட்டா" என்று யாரும் கோபித்துக் கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாக யாரும் வாய் திறக்காமல் வைத்திருந்த ஒரு விஷயம், அவரால்தான் வெளியே வந்தது.

எங்களுக்கு ஏற்காடு. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். சீசனுக்கு வந்து, ஏரியில் படகு விட்டு, மலர்க் கண்காட்சி பார்த்துப் போகிறவர்களுக்கு இது சொர்க்கம். மார்கழி விடிகாலையில் பாத்திரம் தேய்க்கிறவளுக்குத்தான் குளிர் என்றால் என்னவென்று தெரியும். வெந்நீர் வைக்காத வீடே இங்கே கிடையாது. என் வீட்டுக்காரர் காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறார். மகளுக்கு நாலு வயசு நடக்கும்போது, அவளைக் குளிக்க வைக்க இறக்கி வைத்திருந்த வெந்நீர்க் குண்டாவை இழுத்து விட்டாள். துண்டு எடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். இடது கன்னத்திலிருந்து கழுத்து வரைக்கும் வெந்து போயிற்று. ஜீப் பிடித்து மலை இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தழும்பு தங்கி விட்டது.

அதற்கப்புறம் 'முகம்' என்ற பேச்சே வீட்டில் எடுப்பதில்லை. சின்னப் பிள்ளையாக இருந்த வரை அவளும் கண்டுகொள்ளவில்லை. ஏழாம் வகுப்பு வந்தபோது ஆண்டு விழா நடனத்தில் அவளைப் பின் வரிசைக்கு மாற்றி விட்டார்கள். "பின்னாடி நின்னா தெரியாதும்மா" என்று டீச்சர் சொன்னாராம். அந்த அம்மா நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து இவள் மப்ளர் சுற்ற ஆரம்பித்தாள். ஏற்காட்டில் மப்ளர் கட்டினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மே மாதத்திலும் கட்டினாள்.

போன ஆடி மாதம், வெளியே போக முடியாத மழை. டி.வி.யில் 'திருவிளையாடல்' ஓடியது. அத்தைக்கு அந்தப் படம் என்றால் உயிர். சின்னப் பெண்ணாக இருந்தபோது, டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து பார்த்தவர். தருமி வந்து கோயிலில் தனியாகப் புலம்புகிறார். என் மகள் எழுந்து டி.வி. பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பத்தா, இவரு மூஞ்சில என்ன குழி குழியா இருக்கு?"

எனக்குச் சமையலறையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தை சாதாரணமாகச் சொன்னார். "அம்மைத் தழும்பு கண்ணு. அவனுக்குப் பெரியம்மை போட்டிருந்துச்சு."

"ஏன் மறைச்சுக்கல?"

"எதுக்கு மறைக்கணும்? அவன் வாயத் தொறந்தா மூஞ்சிய யாரு பாக்குறா?"

எங்கள் அத்தை தலைமுறையில் நாகேஷை 'அவர்' என்று சொல்ல மாட்டார்கள். வீட்டுப் பையனைச் சொல்வது போல 'அவன்'தான். பெரியம்மை எப்படிப்பட்டது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1975-ல்தான் நம் நாட்டில் அது கடைசியாக வந்தது. 1980-ல் உலகத்தை விட்டே ஒழிந்து விட்டதாக அறிவித்தார்கள். அத்தை கையில் அம்மை குத்தின வட்டத் தழும்பு இருக்கிறது. அன்றைக்குச் சட்டையை விலக்கிப் பேத்திக்குக் காட்டினார்.

அன்று ராத்திரி முழுக்க நாகேஷ் பேச்சுதான். பிறகு நானும் அங்கே இங்கே தேடிப் படித்தேன். அவர் பிறந்தது 1933-ல், தாராபுரம் பக்கம். வீட்டில் பேசுவது கன்னடம். இயற்பெயர் நாகேஸ்வரன். இன்னொரு பெயர் குண்டுராவ். ஊதினால் பறக்கிற உடம்புக்கு குண்டுராவ் என்று பெயர் என்றதும் என் மகள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். வாலிப வயசில் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. வீட்டை விட்டுப் போய்க் கிடைத்த வேலையெல்லாம் செய்து, கடைசியில் மெட்ராஸில் ரயில்வேயில் குமாஸ்தா. அப்போது கவிஞர் வாலியும் அவரும் ஒரே அறையில் பட்டினியைப் பங்கு போட்டுக் கொண்டவர்கள்.

நடிப்பு ஆசை வந்தது ரயில்வேக்காரர்கள் போட்ட நாடகத்தில்தான். கெஞ்சிக் கூத்தாடி ஒரு சின்ன வேஷம் வாங்கினாராம். டாக்டரிடம் வருகிற வயிற்றுவலிக்காரன். வந்தோமா போனோமா என்கிற வேஷம். மேடை ஏறினவர், எழுதிக் கொடுத்ததோடு நிற்காமல் வலியில் துடித்து, நெளிந்து, கத்தி, கூட்டத்தைச் சிரிப்பில் உருட்டி விட்டார். தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். அந்த வயிற்றுவலிக்காரனைத்தான் மேடையில் பாராட்டிப் பரிசு கொடுத்தார்.

இந்தச் 'சேர்த்துப் பேசுவது' நம் ஊருக்குப் புதிசு இல்லை. தெருக்கூத்தில் கட்டியக்காரன் செய்வதும், நாடகத்தில் பபூன் செய்வதும் அதுதான். முன்னால் உட்கார்ந்திருக்கிற ஊர்ப் பெரியவரின் மீசை முதல் அன்றைய மழை வரை பேச்சில் இழுத்து விடுவார்கள். எழுதி வைத்ததை ஒப்பிப்பவர்களுக்கு அது வராது. எதிராளி சொல்வதைக் காதில் வாங்கி, அந்த நொடியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். திடீரென்று நாலு விருந்தாளி வந்தால், இருக்கிற குழம்பை வைத்தே சமாளிக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

தருமி காட்சியே அதற்கு சாட்சி. 1965-ல் வந்த படம். நாகேஷுக்குக் கைநிறையப் படங்கள். ஏ.பி.நாகராஜனுக்கு அவர் கொடுத்த நேரம் ரொம்பக் கொஞ்சம். கோயிலில் தனியே நின்று புலம்புகிறாரே, அதெல்லாம் அவராகச் சேர்த்துப் பேசியது. மயிலாப்பூர் கோயில் பக்கம் தனக்குத் தானே பேசிக் கொண்டிருந்த ஒருவரை எப்போதோ பார்த்தது ஞாபகத்தில் இருந்ததாம். சிவாஜி அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்து விட்டு, ஒரு அடி பிலிம்கூட வெட்டக் கூடாது என்று சொல்லி விட்டார். தன்னை விட எதிரே நிற்பவன் பெயர் வாங்குகிறான் என்று தெரிந்தும் அப்படிச் சொல்ல அவருக்கும் பெரிய மனசு வேண்டும்.

1964-ல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் இடத்தை நம்மில் பார்க்காதவர் யார்? நான் இருபது தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஆனால் என் மகள் சொன்ன பிறகுதான் ஒன்று கவனித்தேன். "அம்மா, கதை சொல்றவர மட்டும் பாக்காத. கேக்குறவர பாரு. அவர் பயப்படலன்னா இவர் சொல்றதுல சிரிப்பே வராது." பதிமூணு வயசுப் பெண் சொல்கிறாள்! அதே 1964-ல் 'சர்வர் சுந்தரம்'. முகம் சரியில்லை என்று தன்னையே குறைத்துக் கொள்கிற ஒரு ஓட்டல் சர்வர்தான் கதாநாயகன். அந்தப் படத்தை அவள் பாதியில் எழுந்து போய் விட்டாள். நானும் கூப்பிடவில்லை.

பாலசந்தர் படங்கள் வேறு மாதிரி. 'நீர்க்குமிழி'யில் ஆஸ்பத்திரியையே கலகலப்பாக்குகிற நோயாளி. 'எதிர்நீச்சல்' படத்தில் மாடிப்படிக்குக் கீழே குடியிருக்கிற மாது. அந்த 1968-லேயே 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் வைத்தி. அந்த ஆளை நினைத்தாலே எரிச்சல் வரும். மாதுவாக நம்மை அழ வைத்த அதே முகம்தான் இது என்று நம்ப முடிகிறதா? 'அபூர்வ ராகங்கள்' படத்தில் குடிகார டாக்டர். சுவரில் விழுகிற தன் நிழலோடு கிளாசை மோதுவார். அதுவும் அந்த இடத்தில் அவருக்குத் தோன்றியதுதான் என்பார்கள்.

மனோரமாவை விட்டு விட்டால் இந்தப் பக்கத்துத் தோழிகள் என்னைச் சும்மா விட மாட்டீர்கள். நாகேஷுக்கு ஈடு கொடுத்துப் பேச ஆச்சியால்தான் முடியும். அவரும் நாடக மேடையில் பழகி வந்தவர். அவர் முதலில் கதாநாயகியாக நடித்த 'கொஞ்சும் குமரி' (1963) எங்கள் மலை அடிவாரத்தில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம். ஸ்டூடியோ போய் விட்டது. முகப்பு வளைவு மட்டும் ஏற்காடு ரோட்டில் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது மகளுக்குக் காட்டினேன். "இவ்வளவுதானா?" என்றாள்.

1994-ஆம் வருஷத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'மகளிர் மட்டும்' படத்தில் நாகேஷ் பிணம். ரேவதியும் ஊர்வசியும் ரோகிணியும் ஆஸ்பத்திரியிலிருந்து தவறுதலாகக் கொண்டு வந்து விடுகிற பிணம். ஒரு வார்த்தை கிடையாது, கண் இமைக்கவும் கூடாது. வாயால் பிழைத்த மனுஷன் வாயே திறக்காமல் சிரிக்க வைத்தார். அதே வருஷம் 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பன். அதற்குத்தான் தேசிய விருது, சிறந்த துணை நடிகர் என்று. பத்ம விருது கடைசி வரை வரவில்லை. அத்தைக்கு இன்றைக்கும் அதில் வருத்தம். 2009 ஜனவரி 31-ல் அவர் இறந்த அன்று அத்தை மதியம் சாப்பிடவில்லையாம்.

'நம்மவர்' படத்தை நான் தனியாகத்தான் பார்த்தேன். அவர் உடைந்து போகிற இடத்தில் எனக்கும் தாங்கவில்லை.

இதற்கு நடுவில் என் மகளிடம் ஒரு மாற்றம். பள்ளியில் தமிழ் மன்ற நாடகம். இவளுக்குக் கம்பவுண்டர் வேஷம், மொத்தம் இரண்டு வசனம். மப்ளர் கட்டியே நடிக்கலாம் என்பதால் ஒத்துக் கொண்டாள் என்று நினைக்கிறேன். டாக்டராக வந்த பெண்ணுக்குப் பாதியில் வசனம் மறந்து விட்டது. மேடை அமைதியாகி விட்டது. கீழே நான் சாமி கும்பிடுகிறேன். இவள் முன்னால் வந்து, "டாக்டர் யோசிக்கிறாங்க. யோசிச்சா தனி பீஸ்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டாளா? நோயாளிப் பையனைக் காட்டி, "பீஸ்னு சொன்னதும் வலி போயிடுச்சு பாருங்க" என்றாள். அவன் நிஜமாகவே எழுந்து உட்கார்ந்து விட்டான். அதற்குள் டாக்டருக்கு வசனம் ஞாபகம் வந்து விட்டது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், கழுத்தில் மப்ளர் இல்லை. எங்கே கழற்றினாள், எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து, லைன் வீட்டுச் சின்னப் பையன் ஒருவன் அவளை நிறுத்தி, "அக்கா, மூஞ்சில என்னக்கா?" என்றான். நான் அவனை அதட்ட வாய் திறப்பதற்குள் இவள் குனிந்து கன்னத்தைக் காட்டினாள். "இதாடா? ஏற்காடு மேப். இது ஏரி. இங்க இருந்து கீழ போகுது பாரு, இருபது வளைவு. எண்ணிப் பாரு." அவன் விரலை வைத்து எண்ணவே ஆரம்பித்து விட்டான்.

சிரித்தேன். பின்னாடியே பயமும் வந்தது. சிரிக்க வைத்தே உள்ளே இருப்பதை மூடப் பழகி விடுவாளோ என்று. எனக்கு இதற்கு இன்றைக்கும் பதில் தெரியாது. தோழிகள் யாருக்காவது இப்படி ஒரு பிள்ளை இருந்தால் எழுதுங்கள்.

அன்று ராத்திரி அவளே கேட்டாள். "அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு? யாரும் சொன்னதே இல்ல." ஒன்பது வருஷத்தில் நான் யாரிடமும் முழுசாகச் சொல்லாததைச் சொன்னேன். நான் திரும்பினது, துண்டு எடுத்தது, சத்தம் கேட்டது எல்லாம். என் தப்புதான் என்றும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை.

"அந்தத் துண்டு இன்னும் இருக்கா?"

இருந்தது. பீரோவின் அடித்தட்டில், பழைய புடவைகளுக்குக் கீழே. உபயோகிக்கவும் மனசு வரவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. எடுத்துக் காட்டினேன். சின்னப் பூப் போட்ட மஞ்சள் துண்டு. வாங்கிப் பிரித்துப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்று தோளில் போட்டுக் கொண்டு படுக்கப் போய் விட்டாள். இப்போது தினமும் அதில்தான் தலை துவட்டுகிறாள். நேற்று துவைத்துப் போட்டேன். இந்த மழையில் இன்னும் காயவில்லை.

- ஒரு வாசகி, ஏற்காடு.