ஓர் எழுத்து, இரண்டு ஊர்கள்

கடலூர், சிதம்பரம் ஆகிய இரு பெயர்களும் ஆங்கிலத்தில் 'சி' என்னும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும், முன்னதில் அது ககரமாகவும், பின்னதில் 'ஹெச்' என்னும் எழுத்தோடு சேர்ந்து சகரமாகவும் ஒலிக்கிறது. அதே 'சிஹெச்' கூட்டு 'ஸ்கூல்' என்பதில் ககரமாகவும் 'மெஷின்' என்பதில் ஷகரமாகவும் மாறுவதால், எழுத்துக்கூட்டல், அதாவது ஒலியை எழுத்தால் குறிக்கும் முறை, தமிழ் மாணவரைத் திகைக்க வைக்கிறது.

கடலூரின் கூடலூர் என்ற பழம்பெயரை ஆங்கிலேயர் தம் செவிக்கேற்ப எழுதியபோது, நடுவில் இரட்டை 'டி'யும் இறுதியில் ஒலிக்காத 'இ'யும் இடம்பெற்றன. வேலூரின் ஆங்கில வடிவத்திலும் தஞ்சாவூரின் பழைய ஆங்கில வடிவத்திலும் அந்த ஊமை எழுத்தே நிற்கிறது.

இம்முரண்களுக்கு வரலாறே காரணம். 1476இல் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவப்பட்டபின் எழுத்து மெல்ல நிலைபெற, ஒலியோ தொடர்ந்து மாறியது. கிரேக்கச் சொற்களும் பிரெஞ்சுச் சொற்களும் தத்தம் எழுத்துமரபோடு வந்து கலந்தன.

தமிழ்நாடு அரசு 2020இல் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி வெளியிட்ட ஆணை, விமர்சனங்கள் எழுந்ததால் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. நிலைபெற்ற எழுத்துக்கூட்டலை ஒலிக்கேற்ப மாற்றுவது அரசுக்கே எளிதாக இல்லை. ஆகவே, எழுத்துக்கூட்டலில் தடுமாறும் பிள்ளையை அறிவில் குறைந்தவராகக் கருதாமல், சொல்லின் வரலாற்றைச் சொல்லிக்கொடுப்பதே ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உரிய கடமையாகும்.