மாடி அறையில் வெளிநாட்டு விருந்தாளி: வீட்டுக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டிய விசா சட்டம்

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் வெளிநாட்டவருக்கு அறை விடுவது பல குடும்பங்களின் பிழைப்பு. 2021-22இல் தொல்லியல் துறையின் சின்னங்களில் வெளிநாட்டவர் அதிகம் வந்தது தாஜ்மகாலுக்கு அல்ல, மாமல்லபுரத்துக்குத்தான். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓரிரு நாளில் புதுச்சேரிக்குக் கிளம்பிவிடுவார்கள். சிலர் மட்டும் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். சிற்பக்கூடத்தில் உளி பிடிக்கக் கற்க ஒருவர், கோவளத்தில் அலைச்சறுக்குப் பழக ஒருவர், ஊரில் கொட்டும் பனிக்குத் தப்பி வந்தவர் ஒருவர். விசா சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் இவர்கள்தான். இவர்களோடு சேர்ந்து, சட்டம் தெரியாமல் சாவியைக் கொடுத்த வீட்டுக்காரரும் மாட்டுகிறார்.

2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்துவிட்டது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு வந்த சட்டம் இது. பெயரும் பிரிவு எண்களும் மாறினாலும், இடம் கொடுப்பவரின் கடமை மாறவில்லை. வெளிநாட்டவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அவருடைய பாஸ்போர்ட், விசா விவரங்களைப் பதிவு அதிகாரிக்கு இணையம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். லாட்ஜுகளில் பழக்கத்தில் ‘சி ஃபார்ம்’ என்று சொல்வது இதைத்தான். ஆனால் இது லாட்ஜுக்கு மட்டும் உரியது என்று நினைப்பது தவறு. ஹோம்ஸ்டே, ஆசிரமம், விடுதி, தனி வீடு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வாடகை வாங்காமல் தங்கவைத்தாலும் பொருந்தும். கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ அந்நாட்டுக் குடியுரிமையோடு வரும் சித்தப்பா ஊரப்பாக்கத்திலோ கேளம்பாக்கத்திலோ உங்கள் வீட்டில் தங்கினாலும், அவர் பெயரைப் பதிய வேண்டியது நீங்கள்தான். சொந்தக்காரர்தானே என்று பலரும் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

விருந்தாளியைச் சந்தேகப்படுவதற்காக மட்டும் இந்தப் பதிவு என்று எண்ண வேண்டாம். பாஸ்போர்ட் தொலைந்தாலோ, கடலில் விபத்து நடந்தாலோ, அந்த மனிதர் எங்கே தங்கியிருந்தார் என்பதற்கு அரசிடம் உள்ள சான்று அதுவே. விசா காலத்துக்குள் எதையாவது கேட்டு விண்ணப்பிக்கும்போது தங்கும் இடத்துக்கான ஆதாரமாகவும் அது வேண்டியிருக்கும். பதிவுக்குத் தேவை பாஸ்போர்ட்டின் நகல் மட்டுமே. நகல் எடுத்ததும் மூலத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். வாடகை பாக்கிக்காக ஒருவரின் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைக்க எந்த வீட்டுக்காரருக்கும் உரிமை இல்லை.

அடுத்தது, நீண்ட நாள் தங்குகிறவர்கள் அடிக்கடி விழும் பள்ளம். ‘என்னிடம் ஐந்து வருட விசா இருக்கிறது’ என்று விருந்தாளி சொன்னால், அவர் ஐந்து வருடம் தங்கலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் அவர் வந்து போகலாம், அவ்வளவுதான். இணையவழி சுற்றுலா விசாவில் ஒரு தடவை வந்தால் தொடர்ந்து 90 நாட்களுக்கு மேல் இருக்க முடியாது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான் நாட்டவருக்கு மட்டும் இது 180 நாள். ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தமாகச் சேர்த்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. கொழும்புக்கு ஒரு நடை போய் முத்திரை குத்திக்கொண்டு திரும்பினால் இந்த ஆண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று கடைத்தெருவில் யாராவது யோசனை சொன்னால் நம்ப வேண்டாம். இந்த விசாவை இங்கே இருந்தபடி நீட்டிக்கவும் முடியாது. ஆகவே விருந்தாளி வந்த அன்றே, அவர் விமான நிலையத்தில் பெற்ற முத்திரையின் தேதியைப் பார்த்து, கடைசி நாள் எது என்று இருவரும் சேர்ந்து எண்ணிக் குறித்துவையுங்கள். பிறகு வரும் தலைவலியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

சுற்றுலா விசாவில் என்ன செய்யலாம் என்பதிலும் குழப்பம் அதிகம். யோகா, இசை, நடனம், சமையல், கைவினை போன்றவற்றைப் பட்டமோ சான்றிதழோ இல்லாத குறுகிய பயிற்சியாகக் கற்கலாம். ஆகவே சிற்பியிடம் சில வாரங்கள் கல் கொத்தப் பழகுவதில் தவறில்லை. ஆனால் அதே மனிதர் சம்பளம் வாங்கிக்கொண்டு அலைச்சறுக்கு சொல்லிக் கொடுத்தாலோ, உணவகத்தில் வேலை பார்த்தாலோ, அது விசா மீறல். ‘சும்மா உதவிக்குத்தான் நிற்கிறார், சாப்பாடும் அறையும் கொடுக்கிறோம்’ என்று முதலாளிகள் சொல்வதுண்டு. அப்படிச் சொல்லி வேலை வாங்குவது அவரை ஆபத்தில் தள்ளுவது. வழக்கு வந்தால் நாடு கடத்தப்படுவது அவர், நீங்கள் அல்ல. சுற்றுலா விசாவை இங்கேயே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளவும் வழி இல்லை. ஊருக்குத் திரும்பி அங்கிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். காட்டாங்குளத்தூர் பக்கம் கல்லூரியில் படிக்க வருகிறவர்களின் நிலை வேறு. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தவர் 14 நாட்களுக்குள் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நாள் தாண்டிவிட்டால்? விசா காலம் முடிந்தும் தங்கியிருந்தால், புதிய சட்டப்படி மூன்று ஆண்டுவரை சிறை, மூன்று லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி இந்தியாவுக்குள் வர முடியாதபடி கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறவும் கூடும். இதைக் கேட்டதும் பலர் பயந்து ஒளிந்துகொள்கிறார்கள். ஒளிந்த ஒவ்வொரு நாளும் நிலைமையை மோசமாக்குகிறது. தாமாகவே முன்வந்து, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளத்தில் வெளியேறும் அனுமதிக்கு விண்ணப்பித்து, அபராதக் கட்டணத்தைச் செலுத்திப் புறப்படுவதுதான் வழி. எங்கள் பகுதிக்குச் சென்னை நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ள அலுவலகம் அதைக் கவனிக்கிறது. திடீர் நோயில் மருத்துவமனையில் சேர்ந்து பயணம் செய்ய முடியாமல் போனவர், மருத்துவர் சான்றோடு நாள் முடியும் முன்பே அதே தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார், பிறகு தூதரகம், பிறகு இந்தத் தளம். ‘எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது’ என்று பணம் கேட்கும் தரகரிடம் மட்டும் போக வேண்டாம்.

தங்கும் உரிமையும் உயிர்வாழும் உரிமையும் வேறு வேறு. 1937இல் இந்தியாவுக்கு வந்த பெல்ஜியப் பாதிரியார் லூயி டி ரேட்டை நாட்டைவிட்டுப் போகச் சொன்னபோது அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். இந்த நாட்டில் குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கே உண்டு, வெளிநாட்டவருக்கு உள்ளது உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான பாதுகாப்பு மட்டுமே என்று 1991இல் தீர்ப்பு வந்தது. அரை நூற்றாண்டு வாழ்ந்தவருக்கே அதுதான் பதில். ஆனால் அந்தப் பாதுகாப்பு சாதாரணமானது அல்ல. 2000இல், ஹௌராவில் வன்கொடுமைக்கு ஆளான வங்கதேசப் பெண்ணுக்கு ரயில்வே பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது இந்த உரிமையின் பெயரால்தான். கைதான வெளிநாட்டவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் நீதிபதியிடம் நிறுத்தப்பட வேண்டும்; தன் தூதரகத்துக்குத் தகவல் போகச் செய்ய அவருக்கு உரிமை உண்டு. ஆகவே விசா முடிந்த பெண்ணிடம் ‘போலீசில் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டிப் பணமோ வேறெதுவோ கேட்பவன், அவள் விசா முடிந்தவள் என்பதால் தப்பிவிட முடியாது. அவள் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்கான 1363 என்ற எண்ணில் பல மொழிகளில் உதவி கிடைக்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களும் காவலில் உள்ளவர்களும் அதற்கு வருமான வரம்பின்றி உரியவர்கள்.

நீண்ட காலத் தங்கல் என்று பேசும்போது, சிறப்பு முகாம் ஒன்று இயங்கிய செங்கல்பட்டில் இருந்துகொண்டு ஈழத்தமிழ் அகதிகளைச் சொல்லாமல் விட முடியாது. நாற்பது ஆண்டுகளாக இங்கே இருப்பவர்களையும் சட்டம் வெளிநாட்டவர் என்றே அழைக்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைக்கு இடமில்லை. அது அநீதி என்பதே என் எண்ணம். ஆனால் கையில் இருக்கும் நிவாரணங்கள் இரண்டு. 2015 ஜனவரி 9ஆம் தேதி வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனைப் பிரிவுகள் பொருந்தாது என்று மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. இதனால் குடியுரிமை கிடைத்துவிடாது. சிறைப் பயம் மட்டும் நீங்குகிறது. இரண்டாவது, பிறப்பால் வருவது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராயினும் இந்தியக் குடிமகனே. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வழங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது இதன் அடிப்படையில்தான். இந்தத் தேதிகளுக்குள் முகாமில் பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்க வேண்டும். அது கையில் இல்லையென்றால் பிறந்த ஊரின் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அதற்குத் துணை நிற்கும். அங்கே மனு கொடுக்கக் கட்டணம் எதுவும் இல்லை.