முருகனை விழுங்கிய கட்டம்

ஒரு கல்லூரியின் மாணவர் அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். தலைப்பெழுத்து, பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று நெடுவரிசைகள். தமிழ்நாட்டில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. அந்தக் கட்டம் காலியாகவே நிற்கும். மூன்றையும் ஒட்டி முழுப்பெயரைக் கேட்டால், செ. முருகன் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வராது. இருந்த முருகனும் போய்விட்டார்.

இதை மென்பொருளின் பிழை என்று சொல்ல முடியாது. உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டை 1970-இல் வெளியிட்டவர் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட். அந்தக் கோட்பாட்டின் வழியில் வந்த எஸ்கியூஎல் மொழியில், விடுபட்ட மதிப்புக்கு ‘நல்’ என்று பெயர். அது பூஜ்யமும் அல்ல, வெற்றுச் சொல்லும் அல்ல. ‘தெரியாது’ என்பதற்கான குறி. தெரிந்ததோடு தெரியாததை ஒட்டினால் வருவதும் தெரியாததுதானே?

ஆனால் முருகனின் குடும்பப் பெயர் தெரியாமல் போகவில்லை. அவருக்கு அது இல்லை. ‘தெரியாது’ வேறு, ‘பொருந்தாது’ வேறு என்று காட் தமது 1990-ஆம் ஆண்டு நூலில் இரண்டு குறிகளை முன்வைத்தார். எஸ்கியூஎல் ஒன்றோடு நின்றுவிட்டது. அது பெரிய இழப்பு.

தரவுத்தள மென்பொருளுக்கு மென்பொருள் வழக்கமும் மாறுகிறது. போஸ்ட்கிரெஸில் || குறியால் ஒட்டினால் நல் எல்லாவற்றையும் விழுங்கும். ‘கான்கேட்’ செயற்கூறு நல்லைத் தாண்டிப் போகும். மைஎஸ்கியூஎல்லில் அதே கான்கேட் நல்லையே திருப்பித் தரும். ஆரக்கிள் வெற்றுச் சொல்லையே நல்லாகக் கருதுவதால், அங்கே || எதையும் விழுங்காது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் வினவல்களை ஒவ்வொன்றாகச் சோதித்தே ஆகவேண்டும்.

முகவரியின் பகுதிகளைக் காற்புள்ளியிட்டு ஒட்ட ‘கான்கேட்_டபிள்யூஎஸ்’ செயற்கூறு கைகொடுக்கும். காற்புள்ளியை ஒருமுறை சொன்னால் போதும், நல் கட்டங்களை அது தாண்டிவிடும். ஆனால் நல்லுக்குப் பதில் வெற்றுச் சொல் உட்கார்ந்திருந்தால், ‘12, , காந்தி தெரு’ என்றுதான் வரும். ‘நல்இஃப்’ கொண்டு அதை முதலில் நல்லாக்க வேண்டும்.

விழுங்கும் குணத்தையே வேலைக்கு வைக்கவும் முடியும். போஸ்ட்கிரெஸில் இப்படி எழுதலாம்:

கோவலெஸ்(தலைப்பெழுத்து || '. ', '') || பெயர்

‘கோவலெஸ்’ தன்னிடம் தந்தவற்றில் நல் அல்லாத முதல் மதிப்பை எடுக்கும். தலைப்பெழுத்து இருந்தால் ‘செ. முருகன்’. இல்லையென்றால் நல், தன்னோடு ஒட்டிய புள்ளியையும் இடைவெளியையும் சேர்த்தே விழுங்கும். அந்த இடத்துக்கு வெற்றுச் சொல் வரும். முன்னால் தனிப்புள்ளி நிற்காமல், ‘முருகன்’ என்று அச்சாகும்.