கடன் வாங்குவதற்கு முன் கணக்குக் கேட்போம்

"ஒப்பரேசன் செய்யவேண்டும்" என்று வைத்தியர் சொன்னதும் எமது பெண்கள் பலரின் கை போவது கழுத்துச் சங்கிலிக்குத்தான். யுத்தத்தில் கணவனை இழந்து, தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்கு அந்தச் சங்கிலிதான் சேமிப்பு. அதுவும் இல்லாதவள் நுண்கடனுக்கோ மீற்றர் வட்டிக்கோ போகிறாள். வருத்தம் மாறிய பின்பும் கடன் மாறுவதில்லை.

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆயினும் வெளியில் வாங்கும் மருந்து, தனியார் ஆய்வுகூடப் பரிசோதனை, பஸ் காசு, கூட நிற்பவரின் சாப்பாடு, இழந்த நாட்கூலி எனச் செலவு பல வழிகளில் வருகிறது. ஆகவே, நகையை அடகு வைப்பதற்கு முன் வைத்தியரிடமோ தாதியிடமோ நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. இச்சிகிச்சை உடனே தேவையா, காத்திருக்கலாமா? காத்திருக்கலாம் என்றால் அரச வைத்தியசாலையில் எப்போது திகதி கிடைக்கும்?

2. இந்தப் பரிசோதனையை இங்கே அல்லது வேறொரு அரச வைத்தியசாலையில் செய்ய முடியுமா?

3. மருந்தின் பொதுப்பெயர் என்ன? ஒரே மருந்து பல கம்பனிப் பெயர்களில் பல விலைகளில் விற்கப்படுகிறது. ஒசுசல மருந்தகத்திலும் விலை விசாரியுங்கள்.

4. தனியார் வைத்தியசாலை என்றால் மொத்தம் எவ்வளவு? சத்திரசிகிச்சைக் கட்டணத்துடன் மயக்கமருந்து வைத்தியர், அறை, மருந்து, பரிசோதனை யாவும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள்.

உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்கானின் காந்தம் உலோகத்தை அசைக்கக்கூடும் என்பதால் அது ஆபத்தாகலாம். கட்டிய பணமும் வீணாகலாம்.

இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்ற பெருஞ்செலவுகளுக்கு ஜனாதிபதி நிதியம் உதவி வழங்குகிறது. முன்னர் இதற்குக் கொழும்புடன் தொடர்புகொள்ள வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரி முதல் உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். எந்தப் பத்திரங்கள் தேவை என்பதை அங்கே கேட்டறிந்து, இயன்றவரை சிகிச்சைக்கு முன்னரே விண்ணப்பியுங்கள். அவசரத்தில் 1990 அம்புலன்ஸ் சேவையும் இலவசமே.

கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, பரிசோதனை அறிக்கை, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் பத்திரப்படுத்துங்கள். துண்டு தொலைந்தால் அதே பரிசோதனைக்கு இரண்டாம் முறையும் பணம் கட்ட நேரிடும்.

வெள்ளைக் கோட்டைக் கண்டால் வாய் திறக்க எமக்குத் தயக்கம். தனியே போகக் கூச்சமாக இருந்தால் மாதர் சங்கத்தில் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெட்கத்தால் கேளாமல் விட்ட ஒரு கேள்விக்காகப் பல மாதம் வட்டி கட்டுவது நாங்கள்தான்.