கூரையும் மருந்தே

இன்றைய துருக்கியிலுள்ள செசரியா நகரின் ஆயராகக் கி.பி. 370இல் பொறுப்பேற்றவர் புனித பசிலியார். அதற்குமுன் பஞ்சம் வாட்டியபோது, செல்வரின் களஞ்சியங்களைத் திறக்கச் செய்து பசித்தோருக்கு உணவளித்தவர் அவர். பின்னர் நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் நோயாளருக்கும் இல்லங்கள் எழுப்பி, மருத்துவரையும் அமர்த்தினார். ஊர் விலக்கிய தொழுநோயாளரைத் தாமே தழுவி வரவேற்றார். மருத்துவமனை என்னும் அமைப்பின் வேர்களுள் இதுவும் ஒன்று.

கிறிஸ்தவ இரக்கம் அங்கே கஞ்சியும் கூரையுமாக உருக்கொண்டது. அதன் தேவை இன்றும் குறையவில்லை. வீடற்றவரின் காற்புண் ஆறுவதற்கு, கட்டு நனையாமல் படுக்க ஓரிடம் வேண்டும். காசநோய்க்கு ஆறு மாதம் மருந்துண்ண நாள்தோறும் உணவு வேண்டும்.

உங்கள் உறவினருக்கு அடுத்த படுக்கையில் துணையற்ற ஒருவர் இருக்கக்கூடும். அன்புடன் பேசுங்கள், அவர் இசைந்தால் செவிலியரிடம் தெரிவியுங்கள். முன்கூட்டியே அறிந்தால், அவருக்குத் தங்குமிடம் தேட எங்களுக்குக் காலம் கிடைக்கும்.